கூலிக்குச் சடுகுடு ஆடியவன்

சடுகுடு ஆட்டக்காரனின் உடம்பு ஆட்டம் நடக்கும்போது ஊருக்குச் சொந்தம். ஆட்டம் முடிந்தபின் வீங்கின இடத்தில் எண்ணெய் தேய்க்கிற வேலை மட்டும் அவன் வீட்டுக்காரிக்குச் சொந்தம். வெள்ளைக்காரன் ஆண்ட கடைசிக் காலத்தில், யுத்தத்துக்கு முன்னும் பின்னுமாக, தர்மபுரியைச் சுற்றியுள்ள ஊர்களில் நான் கூலிக்குச் சடுகுடு ஆடினேன். மாரியம்மன் பண்டிகை வந்தால் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் மோதிக்கொள்ளும். ஜெயிக்க உள்ளூரில் ஆள் போதாவிட்டால் வெளியூரிலிருந்து கொண்டுவருவார்கள். அப்படிக் கொண்டுபோகப்பட்டவன் நான். பெயர் மாதையன். பென்னாகரம் போகிற வழியில் கொஞ்சம் மேட்டுக்காடு வைத்திருந்த குடும்பம். கூலி என்று கிடைத்தது பெரும்பாலும் ராகியும் வேட்டியும்தான்.

மூட்டை தூக்குகிறவர்கள், வண்டி இழுக்கிறவர்கள், உடம்பை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிற எல்லோருக்கும் நான் சொல்வது புரியும். மற்றவர்கள் படித்துச் சிரித்துக்கொள்ளலாம். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

சுழி

என்னை ஆட்டத்தில் இறக்கியவர் எங்கள் ஊர் மணியக்காரர். சர்க்காருக்குத் தீர்வை வசூலிப்பது அவர் உத்தியோகம். கூடவே ஊர்க் கௌரவத்தையும் அவரே வசூலித்துவந்தார். எங்கள் ஊருக்கு ஆட்டம் இல்லாத நாட்களில் என்னை வேறு ஊருக்கு இரவல் கொடுப்பார். போக எனக்கு இஷ்டமா என்று ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. கடப்பாரையை இரவல் கொடுக்கிறவர் கடப்பாரையிடமா கேட்பார்?

அப்படி ஒரு தடவை கம்பைநல்லூர்ப் பக்கமிருந்து நிலக்கடலை வியாபாரி ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். மணியக்காரர் வீட்டு வாசலில் நிற்கவைத்தார்கள். வியாபாரி என்னைச் சுற்றி வந்தார். தொடையை அமுக்கினார். கெண்டைக்காலில் தட்டினார். வாயைத் திறக்கச் சொன்னார். மூச்சுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டே திறந்துவிட்டேன். எனக்குக் காது சுட்டது. மணியக்காரர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். வியாபாரி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பின்னங்கழுத்தைப் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னார்: "தொடை நல்லாத்தானுங்க இருக்குது. சுழி மட்டும் பார்த்துட்டா ஓட்டிக்கிட்டுப் போயிடலாம்."

வேர்வை

ஏரியூர் தாண்டி ஒரு ஊரில் ஆட்டம். சடுகுடு என்று பாடி வந்த முதல் ஆளின் காலை நான் பிடித்தேன். கையில் விரால் மீன் சிக்கினால் எப்படி நழுவுமோ அப்படி நழுவிப் போனான். அடுத்தவனும் அப்படியே. மூன்றாவது ஆளைக் கட்டிப் பிடித்தபோது அவன் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டான், அவன் மேலிருந்த விளக்கெண்ணெய் என் மார்பில் இருந்தது.

நடுவரிடம் போய்க் கையைக் காட்டினேன். மோந்து பாருங்கள் என்றேன். நடுவர் அந்த அணித் தலைவனுக்குத் தாய்மாமன் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். அவர் என் கையை மோந்தார். தன் துண்டால் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். என்னை இரவல் வாங்கிக் கூட்டிவந்த ஊர்க்காரர்களைப் பார்த்தேன். அவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். வெளியூர் ஆளுக்காக வாயைத் திறக்க யாருக்கும் மனசில்லை. நடுவர் நிதானமாகச் சொன்னார்: "வேர்வைங்க அது. எங்க ஊர் வெயிலுக்கு அப்படித்தான் வழவழன்னு வழியும்."

தொடுகிற கை

பாடிப் போவதில் நான் சுமார்தான். என் வேலை பிடிப்பது. எங்கள் அணியில் பாடிப் போகிறவன் முனியன். ஊருக்குக் கிழக்கே தனியாக இருந்த தெருவில் அவன் வீடு. அவ்வளவு நீளமான மூச்சு நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. அவன் உள்ளே போய், ஆளைத் தொட்டு, திரும்பி வந்து, அதற்கப்புறமும் கொஞ்சம் பாடிவிட்டுத்தான் நிறுத்துவான். நாலு பேர் முன்னால் என்னை ஐயா என்பான். தனியாக இருந்தால் அண்ணா என்பான். அதை மாற்ற நான் பலதரம் சொல்லியும் அவன் கேட்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

பக்கத்து ஊர்ப் பண்டிகை ஒன்றில் முனியன் எதிரணியைக் காலி செய்துகொண்டிருந்தான். பாதி ஆட்டத்தில் அந்த ஊர்ப் பெரியவர்கள் எழுந்து வந்தார்கள். அவன் தங்கள் பிள்ளைகளைத் தொடக்கூடாது என்றார்கள். தொட்டால்தானே ஆட்டம் என்றேன். அது ஆட்டம், இது தீட்டு என்றார்கள். நான் கத்தினேன். அத்தனை நேரம் அவன் காலைக் கட்டிப்பிடித்து மண்ணில் புரண்டவர்களுக்கு ஒட்டாத தீட்டு, அவர்கள் தோற்க ஆரம்பித்ததும் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.  மணியக்காரர் என்னை அடக்கிவிட்டு அவர்களோடு தனியாகப் போய்ப் பேசினார். திரும்பி வரும்போது சமாதானம் கொண்டுவந்தார். முனியன் வலது கையில் துண்டைச் சுற்றிக்கொள்ள வேண்டும். துண்டு பட்டால் தொட்ட கணக்கு.

இந்த ஏற்பாட்டில் எல்லோருக்கும் திருப்தி. நான் ஆடமாட்டேன் என்று ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். முனியன் வந்து பக்கத்தில் குந்தினான். கையில் சுற்றிய துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். சத்தமில்லாமல் என்னிடம் கேட்டான்: "தொடாம ஆடணும்னா இவங்க வூட்டுக்குள்ள உக்காந்து தாயம் ஆடலாமேண்ணா, நம்மளை எதுக்கு வண்டி கட்டிக் கூட்டியாந்தாங்க?"

எலும்பு

இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு உடம்பு கொதிக்கும். எங்கள் ஊர் மைதானம், எங்கள் ஊர்ப் பண்டிகை. கடைசியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆள்தான் மிச்சம். முனியன் வெளியே உட்கார்ந்திருந்தான். பாடிப் போகவேண்டியது நான். போனேன். தொட்டேன். திரும்பும்போது அந்தத் தடியன் என் இடுப்பைப் பிடித்து இழுத்தான். கோட்டின்மேல் கையை நீட்டிக்கொண்டு விழுந்தேன். அவன் என்மேல் விழுந்தான். தோளில் காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. நான் அலறினேன்.

மைதானத்தில் அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். தண்ணீர் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் சண்டை போட வந்திருந்தார்கள். கை கோட்டைத் தொட்டபோது மூச்சு இருந்ததா இல்லையா என்று என் தலைக்கு மேலே இரண்டு ஊரும் கத்திக்கொண்டிருந்தன. ஒருவன் என் கையை மிதித்துக்கொண்டு நின்றே வாதாடினான். முனியன்தான் அவனைத் தள்ளிவிட்டு என் தலையைத் தன் மடியில் எடுத்துவைத்துக்கொண்டான். அப்போது மணியக்காரர் குனிந்தார். பரவாயில்லை, நம் மணியக்காரர் இருக்கிறார் என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் என் காதருகே வாயை வைத்துக் கேட்டார்: "மாதையா, கத்தினியே, அது சடுகுடுன்னு கத்தினியா, ஐயோன்னு கத்தினியா? அதை மட்டும் சொல்லிடு."

நடுவர் இல்லாத ஆட்டம்

தோள் கூடியது, கோணலாகக் கூடியது. அந்த வருஷம் என் மச்சினன் வந்துதான் எங்கள் காட்டை உழுதான். கையை முழுதாகத் தூக்க முடியாது, ஆனால் குனிந்து கணுக்காலைப் பிடிக்க முடியும். அதனால் நான் மறுபடி இரவல் போனேன்.

வத்தல்மலைக்கு மேலே ஒரு ஊரில் கூப்பிட்டிருந்தார்கள். நடந்து ஏறினோம். அங்கே ஆடுகளம் என்பது சாமை அறுத்த காடு. மண்ணைவிடக் கல் அதிகம். நடுவர் எங்கே என்று கேட்டேன். அப்படி ஒருவர் இல்லை என்றார்கள். சரி, இன்றைக்கு என் இன்னொரு தோளும் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். ஆட்டம் தொடங்கியது. முனியன் பாடிப் போய்க் காலை வீசினான். பட்டதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பக்கத்து ஆள் ஒருத்தன் தானாக வெளியே போய் உட்கார்ந்துகொண்டான். இதில் ஏதோ சூது இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். போய் அவனையே கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஆடிக் களைத்து நாங்கள் தோற்றோம் என்பது வேறு விஷயம்; கல்லில் பழகின காலோடு யார் மல்லுக்கட்டுவது? ஆனால் இறங்கி வரும் வழியெல்லாம் அவன் சொன்னது என் வயிற்றை எரித்தது. அவ்வளவு சுலபமான ஒன்றைக் கீழே எங்கள் ஊர்களில் ஏன் யாராலும் செய்ய முடியவில்லை? அவன் சொன்னது இவ்வளவுதான்: "என்மேல பட்டது எனக்குத் தெரியாதா? அதைச் சொல்ல இன்னொரு ஆள் எதுக்கு?"

டிக்கெட்

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் பின்னால் பெரிய பீப்பாய் மாதிரி அடுப்பு கட்டி, கரி போட்டு, அந்தப் புகையில் ஓட்டினார்கள். ஓட்டினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. மாரண்டஹள்ளிக்கு ஆடப் போகும்போது பாலக்கோடு தாண்டியதும் மேட்டில் நின்றுவிட்டது. கண்டக்டர் உள்ளே ஒரு பார்வை பார்த்தார். பருத்த வியாபாரிகள் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு எங்களை மட்டும் இறக்கினார். ஆட்டக்காரர்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். தள்ளினோம். மேடு முடிந்து இன்னொரு மேடு வந்தது. ஆட்டத்துக்கு வைத்திருந்த மூச்செல்லாம் அந்தப் புகையில் போயிற்று. டிக்கெட் வாங்கினவன் ஏனப்பா தள்ள வேண்டும் என்று கேட்டேன். கண்டக்டர் கோபப்படவே இல்லை. விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "டிக்கெட்டு உக்காரறதுக்குத்தானுங்க. பஸ்ஸு போறது உங்க சாமர்த்தியம்."

கூட்டம் எதற்கு

தர்மபுரியில் பெரிய ஆட்டம் என்று சொல்லி அழைத்துப் போனார்கள். உண்மையிலேயே பெரிய கூட்டம். சுற்று வட்டாரத்து இளவட்டங்கள் எல்லாம் வந்திருந்தார்கள். நானும் முனியனும் அன்று நன்றாக ஆடினோம். கை தட்டல் ஓய்வதற்குள் மைதானத்து ஓரத்தில் ஒரு கூடாரத்தின் துணியைத் தூக்கினார்கள். உள்ளே தராசு, அளக்கிற நாடா, ஒரு டாக்டர். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். காக்கிச் சட்டை போட்ட ஏஜெண்டு ஒருவர் பெஞ்சின்மேல் ஏறி, இந்தச் சூரர்களைப் போல நீங்களும் ஆகவேண்டாமா என்று எங்களைக் கை காட்டினார். பையன்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள். தூண்டிலில் மாட்டின புழுவுக்குக் கோபம் வருமென்றால் அப்படித்தான் எனக்கு வந்தது. முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று ஏஜெண்டைக் கேட்டேன். ஆடுவது உன் வேலை, கூட்டம் எதற்கு என்பது என் வேலை என்றார். அன்று வரிசையில் நின்ற எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் பர்மாப் பக்கம் போனான். திரும்பவில்லை. சந்தையில் அவன் அம்மா என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளிடம் நான் எந்த ஏஜெண்டைப் பற்றிச் சொல்வது?

வரிசையில் முனியனும் நின்றான். நான் ஓடிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். என் பிடியிலிருந்து தப்பினவர்கள் குறைவு. அவன் இழுக்கவில்லை, உதறவில்லை. நானே விடட்டும் என்று நின்றான். யாருக்காகப்பா நீ சாகப் போகிறாய் என்றேன். சுற்றிலும் அவ்வளவு பேர் இருந்தும் அன்றைக்கு அவன் ஐயா என்று சொல்லவில்லை. "அங்க எல்லாருக்கும் ஒரே பந்தியாம்ண்ணா. பொய்யா இருந்தாலும் ஒரு தரம் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

கௌரவம்

யுத்தம் முடிந்தது. தர்மபுரியில் சில பெரிய மனிதர்கள் சேர்ந்து சடுகுடுவுக்கு ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். மதராஸிலிருந்து விதிகள் வந்தன. கோடுகளைச் சுண்ணாம்பில் போட்டார்கள். சங்கத்துக் காரியதரிசி எங்கள் மணியக்காரரின் மகன் துரைசாமி. சேலத்தில் காலேஜ் படித்துவிட்டு வந்தவன். நான் ஆடுவதைக் கைதட்டிப் பார்த்து வளர்ந்தவன். நம் பிள்ளை இருக்கிறான், இனி விளக்கெண்ணெயும் தாய்மாமனும் இல்லாத ஆட்டம் ஆடலாம் என்று ஆசையோடு போனேன்.

துரைசாமி நாற்காலி போட்டான். மோர் கொடுத்தான். கூலி வாங்கி ஆடியிருக்கிறீர்களா என்று கேட்டான். உன் அப்பாதானே தம்பி கொடுத்தார் என்றேன். அவனுக்கு முகம் சிவந்தது. கூலிக்கு ஆடினவர்களைச் சேர்ப்பதில்லை என்று விதி இருக்கிறதாம். சேர்த்தால் ஆட்டத்தின் புனிதம் கெட்டுவிடுமாம். கூலி கொடுத்து ஆடவைத்தவர்களைப் பற்றி விதியில் ஏதாவது உண்டா என்று கேட்டேன். அதற்கு விதி இல்லை. சங்கத்தை ஆதரிக்கிற போஷகர் என்று அவன் அப்பாவின் போட்டோ, ஆள் உயிரோடு இருக்கும்போதே, என் தலைக்கு மேலே மாலையோடு தொங்கியது. என் தோளைக் காட்டி, இது எந்தப் புனிதத்துக்காக ஒடிந்தது என்று கேட்டேன்.  அவன் எழுந்து, என்னை வழியனுப்புகிற மாதிரி வாசல்வரை வந்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: "தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க வயித்துக்காக ஆடினவரு, நாங்க ஆட்டத்துக்காக ஆடறவங்க."

கணுக்கால்

அடுத்த தை மாதம் எங்கள் காட்டு வரப்பில் ஒரு லாரி வந்து நின்றது. ஓட்டி வந்தவன் முனியன். பட்டாளத்தில் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டு வந்து, மாரண்டஹள்ளியில் ஒரு காய்கறி மண்டிக்காரரிடம் டிரைவராக இருந்தான். பந்தி எப்படி என்று கேட்டேன். ஒன்றுதான், சோறுதான் மோசம் என்றான். துரைசாமியின் அணி பாலக்கோட்டுக்கு ஆட வருகிறது, எதிர்த்து ஆட மண்டிக்காரர் ஆள் தேடுகிறார் என்று சொன்னான். இந்த ஆட்டம் சங்கத்தில் சேராதது. அதனால் விதி குறுக்கே வராது.

மண்டிக்காரர் எங்களைப் பார்த்தார். தொடையை அமுக்கவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் முனியன், நாங்கள் ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றான். அவர் வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். ஊருக்குள் வேண்டாம், மண்டியில் இலை போடுகிறேன் என்றார். அந்த அளவு தைரியம் அவருக்கு இருந்தது. சாப்பிட்டோம். பூசணிக்காய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்ட அந்தச் சாப்பாட்டில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஆட்டத்தில் துரைசாமி பாடி வந்தான். நன்றாகவே பாடினான், அதை நான் மறைக்கமாட்டேன். வெள்ளை அரைக்கால் சட்டை, சுத்தமான உச்சரிப்பு. என் தோளைத் தெரிந்துகொண்டு அந்தப் பக்கமாகவே வந்தான். நான் குனிந்தேன். கணுக்கால் கையில் சிக்கியது. அவன் துள்ளினான், கோட்டுக்குக் கை நீட்டினான். எனக்குத் தோளில் தீப்பிடித்தது. விடவில்லை. அவன் மூச்சு அறுந்ததும் உடனே விட்டுவிட்டேன். அதற்குமேல் ஒரு நொடி பிடித்திருந்தாலும் அது ஆட்டமில்லை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணியக்காரர் களத்துக்குள் ஓடி வந்தார். உப்புப் போட்ட ஊருக்கு எதிராகவே ஆடி ஊர் மானத்தை வாரிவிட்டாயே, நீயெல்லாம் மனுஷனா என்று கூட்டத்துக்கு முன்னால் என்னைக் கேட்டார். எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, பேச முடியவில்லை. முனியன் எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றான். கையைக் கட்டிக்கொள்ளவில்லை. "ஊர் மானம் தம்பியோட கணுக்கால்லதான் இருக்குதுன்னு முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா, எங்கண்ணன் வேற இடமாப் பார்த்துப் புடிச்சிருப்பாருங்க."

அதுதான் நான் ஆடின கடைசி ஆட்டம். மணியக்காரர் அப்புறம் என்னோடு பேசவில்லை, இரவலும் கொடுக்கவில்லை. என் தோள் மழைக்கு முன்னால் வலிக்கும், மழை பெய்யாவிட்டாலும் வலிக்கும்.

அத்தனை வருஷம் பேசாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவனை ஒரு நாள் பேசவிட்டால் அவன் இவ்வளவு நீளத்துக்குத்தான் பேசுவான், பொறுத்துக்கொள்ளுங்கள்.